"அங்கே எல்லாம் தமிழ்தானே?" – மலேசியா புறப்படும் ஒரு வண்ணாரப்பேட்டைக் குடும்பத்துக்கு

கேள்வி: நாங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறோம். மே மாத லீவில் எட்டு நாள் மலேசியா போகிறோம். நான், கணவர், பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், மாமியார் (வயது 66, சர்க்கரையும் முட்டி வலியும் உண்டு), கொழுந்தன் (வயது 24, ஐடிஐ முடித்தவர்). மாமியாருக்குப் பத்துமலை வேண்டுதல். அவருடைய சித்தி வழி உறவினர்கள் கிள்ளானில் இருக்கிறார்கள். இரண்டு நாள் அவர்கள் வீட்டில் தங்குவோம். அவர்கள் காசிமேட்டுக் கருவாடு கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அவருடைய மச்சானுக்கு ஒரு பார்சல் கொடுத்தனுப்புவதாகச் சொல்கிறார். கொழுந்தனிடம் ஒரு புரோக்கர், "டூரிஸ்டா போய் இறங்கு, வேலையை அங்கே பாத்துக்கலாம்" என்று சொல்லி 80,000 ரூபாய் கேட்கிறார். "அங்கே எல்லாம் தமிழ்தானே, நம்ம ஊர் மாதிரிதான், எதுக்கு இவ்வளவு கேள்வி?" என்கிறார் என் கணவர். நாங்கள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் தெருவில் நின்றால் பூக்கடை, சாம்பார் வாசனை, ஒலிபெருக்கியில் நம் பாட்டு எல்லாம் இருக்கும். நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் அரசுப் பள்ளி முறைக்குள்ளேயே நடக்கின்றன. நம் பக்கத்துக்கு அந்த ஊர் புதிதும் இல்லை. மண்ணடியிலோ ராயபுரத்திலோ வயதானவர்களைக் கேட்டால் ரஜுலா கப்பல், சிதம்பரம் கப்பல் என்று கதை சொல்வார்கள். 1985-ல் எம்.வி. சிதம்பரத்தில் தீப்பிடிக்கும் வரை நம் துறைமுகத்திலிருந்தே கப்பல் ஏறிப் போனவர்கள் அவர்கள்.

ஆனால் எனக்குக் கவலை தருவதும் இந்த 'நம்ம ஊர் மாதிரி' என்கிற நினைப்புதான். ஜப்பானுக்கோ பிரான்ஸுக்கோ போகிறவர் பயந்து பயந்து எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுப் போவார். மலேசியாவுக்குப் போகிறவர் விசாரிப்பதே இல்லை. இத்தனை வருடமாக டிக்கெட் போட்டுக் கொடுக்கிற எனக்கு, அங்கே சிக்கலில் மாட்டிக்கொண்டு வந்த போன்களில் பெரும்பாலானவை இந்த அசட்டையால் வந்தவைதான். பேச்சு தமிழாக இருக்கலாம். சட்டம் மலேசியச் சட்டம்.

முதலில் உங்கள் கொழுந்தன் விஷயம். கடிதத்தில் கருவாட்டுக்கும் பார்சலுக்கும் அப்புறம் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

இந்தியர்கள் சுற்றுலாவுக்காக விசா இல்லாமல் 30 நாள் வரை மலேசியாவில் தங்கலாம். 2023 டிசம்பரில் தொடங்கிய இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. புரோக்கர்களுக்கு இது வசதியாகிவிட்டது. விசா என்ற தடை இல்லாததால், "ஏறி உட்கார், அங்கே பர்மிட் மாத்திக்கலாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். மாற்ற முடியாது. சுற்றுலாவாக நுழைந்தவர் வேலை பார்ப்பது அங்கே குற்றம். அபராதம் உண்டு, சிறை உண்டு, அதற்குப் பிறகு நாடு கடத்தல், மறுபடி நுழையத் தடை.

இது நடக்கிற விதத்தைச் சொல்கிறேன். புரோக்கர் ஒரு டிக்கெட்டும் ஒரு ஹோட்டல் புக்கிங் காகிதமும் கொடுப்பார். பையன் இறங்கிய மறுநாள் அந்த ஹோட்டல் புக்கிங் கேன்சல் ஆகிவிடும். கோலாலம்பூர் விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி எத்தனை நாள், எங்கே தங்கல், கையில் எவ்வளவு பணம், ஊரில் என்ன வேலை என்று நாலு கேள்வி கேட்பார். 24 வயசுப் பையன் திணறினால் ஓரமாக உட்கார வைப்பார்கள். போனை வாங்கிப் பார்ப்பதும் உண்டு. வாட்ஸ்அப்பில் புரோக்கரின் வாய்ஸ் மெசேஜ் இருந்தால் கதை முடிந்தது. அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கூட வந்த குடும்பமும் அங்கேயே தவித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

உள்ளே போய்விட்டால் இன்னும் மோசம். ஏதாவது உணவகத்திலோ கார் கழுவுகிற இடத்திலோ சேர்த்துவிட்டு, பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வார். சம்பளத்தைக் கேட்டால் "போலீஸுக்குச் சொல்லட்டுமா?" என்ற ஒரே பதில். குடிவரவுத் துறை அடிக்கடி சோதனைக்கு இறங்கும். மாட்டினால் தடுப்பு முகாம். வெளியே எடுக்க இங்கே வீட்டில் நகையை விற்பார்கள். இப்படி விற்ற குடும்பங்களை எனக்கு நேரிலேயே தெரியும்.

முறையாகப் போக வழி இருக்கிறது. அங்கே உள்ள முதலாளி தன் நாட்டு அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியை வைத்து, புறப்படுவதற்கு முன்னால் இங்கேயே வேலைக்கான விசா வாங்க வேண்டும். ஆள் எடுக்கும் ஏஜென்ட் இந்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணை அந்த அமைச்சகத்தின் இ-மைகிரேட் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் உண்மையா பொய்யா என்பது தெரிந்துவிடும். அப்படிப்பட்ட ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். உங்கள் புரோக்கர் கேட்பது 80,000. அவரிடம் பதிவு எண்ணையும் ரசீதையும் கேளுங்கள். அதற்கப்புறம் போன் வருகிறதா என்று பாருங்கள்.

கொழுந்தனின் பாஸ்போர்ட்டையும் ஒரு தடவை பாருங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் 'ஈ.சி.ஆர்.' (குடிபெயர்வு அனுமதி தேவை) என்று முத்திரை இருக்கும். அப்படி இருந்தால், வேலைக்காக மலேசியா போக மத்திய அரசின் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். அவர் ஐடிஐ முடித்தவர் என்பதால் அநேகமாக இருக்காது. நம் தமிழ்நாடு அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றைக் கிண்டியில் நடத்துகிறது. ஐடிஐ படித்தவருக்கு முதலில் போக வேண்டிய வாசல் அதுதான். வண்ணாரப்பேட்டையிலிருந்து கிண்டிக்கு மெட்ரோவில் ஒரே வண்டி.

இந்தப் பயணத்துக்கு அவரைக் கூட்டிப் போகலாமா என்றால், உண்மையிலேயே சுற்றிப் பார்க்க வருகிறார், உங்களோடு அதே தேதியில் திரும்புகிறார் என்றால் தாராளமாக. இங்கே ஏதாவது வேலையில் இருந்தால் லீவு கடிதம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளட்டும். "போய்ப் பாத்துட்டு, வேலை அமைஞ்சா இருந்துக்கறேன்" என்ற எண்ணம் மனதில் ஒரு ஓரத்தில் இருந்தால்கூட இந்த முறை அவரை விட்டுவிட்டுப் போங்கள். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்கிறேன்.

அடுத்தது பக்கத்து வீட்டுப் பார்சல். வேண்டாம். இதில் நயமாகச் சொல்ல எதுவும் இல்லை. பர்மா பஜார் பக்கம் 'குருவி'களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஒருவர் பொருளை இன்னொருவர் கொண்டுபோவது சாதாரணமாகத் தெரியும். மலேசியாவின் 1952-ம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின்படி, உங்கள் பெட்டியில் இருந்து பிடிபட்ட பொருளைப் பற்றி உங்களுக்குத் தெரியும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிப்பது உங்கள் தலையில்தான் விழும். 200 கிராம் கஞ்சா இருந்தால் கடத்தல் வழக்கு. கட்டாய மரண தண்டனையை 2023-ல் நீக்கிவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் நீதிபதி நினைத்தால் மரண தண்டனை இன்னும் உண்டு. இல்லையென்றால் 30 வருடத்துக்குக் குறையாத சிறையும் பிரம்படியும். பக்கத்து வீட்டுக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அவரிடம் அந்தப் பார்சலைக் கொடுத்தவர் யார்? மனசு நோகாமல் மறுக்க வேண்டும் என்றால், "கிலோ கணக்கு முடிஞ்சுபோச்சு அண்ணே, ஏஜென்ட் கூடாதுன்னுட்டார்" என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

திரும்பி வரும்போதும் இதே சோதனை வரும். கோலாலம்பூர் விமான நிலையத்தில் தமிழில் பேசிக்கொண்டே வந்து, "அக்கா, இந்தச் செயினைப் போட்டுக்கிட்டுப் போங்க, மீனம்பாக்கத்துல ஆள் வந்து வாங்கிக்குவாங்க" என்பார்கள். கழுத்தை நீட்டிவிடாதீர்கள். சென்னை சுங்கத்தில் அது உங்கள் தங்கம். நீங்களும் மாமியாரும் இங்கிருந்து நல்ல நகை போட்டுக்கொண்டு போவதாக இருந்தால், புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

கருவாடு. உறவுக்காரர்கள் ஆசையாகக் கேட்டிருப்பார்கள், காசிமேட்டு நெத்திலியின் ருசி அப்படி. ஆனால் மீன், இறைச்சி, பால் பொருள், செடி, விதை, பழம் எல்லாவற்றுக்கும் மலேசியாவில் இறக்குமதி அனுமதி வேண்டும். பையில் கருவாட்டோடு போய் நின்றால் பிடுங்கிப் போடுவார்கள், அபராதமும் வரலாம். பெட்டித் துணியெல்லாம் நாறுவது தனிக் கதை. அதற்குப் பதில் கடையில் சீல் போட்ட பருப்புப் பொடி, அப்பளம், முறுக்கு கொண்டு போங்கள். நம் எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் நாலு நல்ல காட்டன் புடவை எடுத்துக்கொண்டு போனால் கிள்ளானில் உங்களுக்குத்தான் முதல் மரியாதை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் தமிழ்க் கதைப் புத்தகங்கள் கொடுங்கள்.

காகித வேலை பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லார் பாஸ்போர்ட்டிலும் ஆறு மாதத்துக்கு மேல் கெடு இருக்க வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஒவ்வொருவருக்கும், பிள்ளைகளுக்கும் சேர்த்து, மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம். தேடினால் பணம் கேட்கிற போலித் தளங்கள்தான் முதலில் வந்து நிற்கும். முகவரி 'ஜிஓவி டாட் எம்ஒய்' என்று முடிகிறதா என்று பாருங்கள். திரும்பி வரும் டிக்கெட், ஹோட்டல் புக்கிங் இரண்டையும் அச்செடுத்து வையுங்கள். கிள்ளான் உறவினரின் முழு முகவரியும் போன் நம்பரும் காகிதத்தில் கையில் இருக்கட்டும். "சித்தி வீட்டுக்குப் போறோம்" என்று மட்டும் சொன்னால் அதிகாரிக்குப் போதாது.

மாமியாரின் மருந்தைப் பெட்டியில் போடாதீர்கள். மாத்திரை, இன்சுலின் இரண்டும் கைப்பையில், அட்டையோடு, மருத்துவரின் சீட்டோடு இருக்க வேண்டும். டப்பாவில் உதிர்த்துப் போட்ட மாத்திரைகள் வேண்டாம். முட்டி வலிக்கு டிரமடால் போன்ற கடுமையான வலி மாத்திரை சாப்பிடுகிறார் என்றாலோ, கோடீன் கலந்த இருமல் மருந்து இருந்தாலோ, மாற்று மருந்து உண்டா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் அங்கே ஆஸ்பத்திரி பில் வரும்போது கம்பெனி கையை விரித்துவிடும். வெளிநாட்டவருக்கு அரசு மருத்துவமனையிலும் கட்டணம் அதிகம். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ், போலீஸ் எல்லாவற்றுக்கும் 999.

பத்துமலை. 272 படி. 2018-ல் வண்ணம் பூசியதிலிருந்து போட்டோவுக்கு நிற்கும் கூட்டம் படியை அடைத்துக்கொள்கிறது. அதனால் காலை ஏழு மணிக்கெல்லாம் அங்கே இருங்கள், வெயிலும் ஏறியிருக்காது. கே.எல். சென்ட்ரலில் இருந்து கொமுட்டர் ரயில் நேராகக் கோவில் வாசலிலேயே கொண்டுபோய் விடும், கட்டணம் மிகக் குறைவு. படி செங்குத்து, முட்டி வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வேதனை. மாமியார் மேலே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் கொழுந்தன் கூடவே ஏறட்டும், நடுநடுவே உட்கார்ந்து போகலாம். முடியவில்லை என்றால் கீழேயே 140 அடி முருகன் சிலை, அடிவாரச் சன்னதிகள் எல்லாம் இருக்கின்றன. வேண்டுதலை அடிவாரத்தில் நிறைவேற்றினால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். குரங்குகளிடம் கவனம். தேங்காய், பழம், பிளாஸ்டிக் பை எது கையில் இருந்தாலும் பறித்துக்கொண்டு போய்விடும். முட்டிக்கு மேல் டவுசர், குட்டைப் பாவாடை என்றால் படிக்கு முன்பே நிறுத்திவிடுவார்கள்.

சாப்பாட்டில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 'மாமாக்' கடை என்பது தமிழ் முஸ்லிம் வழி வந்த உணவகம். ரொட்டி சனாய் (நம் பரோட்டா மாதிரி), தே தாரிக் (ஆற்றிய பால் டீ), ராத்திரி இரண்டு மணிக்கும் சூடாகக் கிடைக்கும், பிள்ளைகள் விடமாட்டார்கள். நாசி கண்டார் சாப்பிடும்போது மட்டும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அதில் கோழி, மீன், மாடு என்று நாலைந்து குழம்பையும் சோற்றின் மேல் கலந்து ஊற்றுவதுதான் வழக்கம், ருசியே அதில்தான். மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் வீட்டில் இருந்தால் கரண்டியை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், தமிழிலேயே சொல்லலாம். மலாய்க் கடையில் அயாம் என்றால் கோழி, இகான் மீன், காம்பிங் ஆடு. டாகிங் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் மாடு. வெள்ளி, செவ்வாய் மாமியார் சைவம் என்றால், வெறும் கீரைப் பொரியலைக்கூட நம்ப முடியாது. பெலாச்சான் என்கிற இறால் விழுதை அதில் போட்டுத்தான் வதக்குவார்கள். அந்த நாட்களில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கே போய்விடுவது நல்லது.

ஹலால் கடைக்குள் வெளிச் சாப்பாட்டையோ பீர் டின்னையோ எடுத்துக்கொண்டு போகக் கூடாது. உங்கள் கணவருக்குத் தனியாக ஒரு வார்த்தை. உணவகம் எதிலும் சிகரெட் பிடிக்கக் கூடாது, வாசலில் போட்டிருக்கும் மேசையும் அதில் சேர்த்திதான். துண்டைத் தெருவில் எறியவும் கூடாது. 2026 ஜனவரியிலிருந்து குப்பை போடுபவர்களுக்கு 2,000 ரிங்கிட் வரை அபராதமும், தெருக் கூட்டுவது போன்ற சமூக சேவையும் உண்டு. வெளிநாட்டவருக்கும்தான். டூர் போன இடத்தில் துடைப்பத்தோடு நிற்க வேண்டாம்.

கிள்ளான் உறவினர்கள் மூன்று நான்கு தலைமுறையாக மலேசியர்கள். தோட்டக்காட்டில் ரப்பர் பால் எடுத்த தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகளாக இருக்கக்கூடும். "எப்போ ஊருக்குத் திரும்பி வரப் போறீங்க?" என்று நம் ஆட்கள் பாசத்தில் கேட்பார்கள், அவர்களுக்குச் சுருக்கென்று இருக்கும். அவர்கள் ஊர் அதுதான். இனம், மதம், சுல்தான்கள் இந்த மூன்றைப் பற்றியும் அங்கே யாரும் வாய்க்கு வந்தபடி பேசுவதில்லை. நீங்களும் பேசாதீர்கள், முகநூலில் கிண்டலாக எழுதவும் வேண்டாம், வழக்காகும். மலாய்ப் பெண்களிடம் உங்கள் கணவர் முந்திக்கொண்டு கை நீட்ட வேண்டாம், நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தால் போதும். யாரையும் ஆள்காட்டி விரலால் சுட்டக் கூடாது. மற்ற விரல்களை மடக்கிக் கட்டை விரலால் காட்டுவார்கள், பார்த்தால் பழகிவிடும்.

வெளியே போகும்போது பாஸ்போர்ட் கூட இருக்கட்டும். பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கங்களில் சோதனை நடந்தால் முதலில் நிறுத்துவது கொழுந்தன் வயசுப் பையன்களைத்தான்.

சுற்றிப் பார்க்கும் இடங்களை நான் சொல்லத் தேவையில்லை, யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. இரட்டைக் கோபுரத்தில் மேலே ஏற வேண்டும் என்றால் டிக்கெட்டை முன்பே எடுங்கள், திங்கட்கிழமை விடுமுறை. கெந்திங் மலைக்கு ஸ்வெட்டர் வேண்டும். அங்கே இருக்கும் சூதாட்டக் கூடத்துக்குள் 21 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. எட்டு நாளில் பினாங்கையும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்வேன், மாமியாரின் முட்டியை நினைத்து. மே மாதத்தில் பின்னேரம் இடி மழை பெய்யும், குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம். ஒரு ரிங்கிட் நம் காசில் 20 ரூபாய்க்கு மேல். பாரிமுனையில் அங்கீகாரம் பெற்ற மாற்றுக் கடையில் பில்லோடு மாற்றுங்கள், தெருவில் கையில் மாற்றித் தருபவரிடம் வேண்டாம். பாதியை ரொக்கமாகவும் மீதியைப் பாரெக்ஸ் கார்டிலும் (வெளிநாட்டுப் பணத்தை ஏற்றி வைக்கும் கார்டு) வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஜிபேயில் டீ குடிக்கிற பழக்கத்தை அங்கே நம்ப முடியாது. ஹோட்டலில் அறைக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாகக் கேட்பார்கள், ஏமாற்று இல்லை. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் அதிவேக ரயில் பெரியவர்களுக்கு ஆளுக்கு 55 ரிங்கிட். ஆறு பேர் என்பதால் கிராப் என்கிற வாடகைக் கார் செயலியில் பெரிய வண்டியாக எடுப்பதுதான் உங்களுக்குக் கட்டுப்படியாகும். சார்ஜருக்கு மூன்று சதுர முள் உள்ள அடாப்டர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள்.

விமானம் பெரும்பாலும் ராத்திரிதான் இருக்கும். பெட்டிகள் அதிகமில்லை என்றால் வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் விமான நிலையத்தில் இறங்கலாம். மெட்ரோ இரவு 11 மணியோடு நின்றுவிடும். ஆனால் சர்வதேச விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேர வேண்டும் என்பதால் போகும்போது அது உங்களுக்குப் பிரச்சினை ஆகாது. திரும்பும் விமானம் நள்ளிரவுக்கு மேல் இறங்கினால் மட்டும் யாரையாவது வண்டியோடு வரச் சொல்லுங்கள்.